சந்தால் ஹூல்: அடிக்கப்பட்ட பெயர்கள்

1855 ஜூன் 30. ராஜ்மகால் மலையடிவாரத்தில் போக்னாடி என்ற ஊர். சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்தெல்லாம் சந்தால் சனங்கள் வந்து கூடினார்கள். பத்தாயிரம் பேர் என்று சொல்லப்படுகிறது. சித்து முர்மு, கானு முர்மு என்ற அண்ணன் தம்பிகள் முன்னால் நின்றார்கள். சந்த், பைரவ் என்று இன்னும் இரண்டு சகோதரர்கள். தாக்கூர் தங்களுக்கு நேரில் காட்சி கொடுத்து ஆணை இட்டதாகச் சொன்னார்கள். அடுத்த ஒரு வாரத்தில் ரத்தம் சிந்தத் தொடங்கியது. நவம்பரில் கம்பெனி ராணுவச் சட்டத்தைப் போட்டது. 1856 ஜனவரியில் அந்தச் சட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டபோது பதினைந்தாயிரம் பேருக்கு மேல் செத்திருந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. சந்தால்கள் தங்கள் மொழியில் இதை 'ஹூல்' என்கிறார்கள். எழுச்சி.

இதைப் பற்றி எழுதியவர்கள் நிறையப் பேர். வெள்ளை அதிகாரி எழுதியிருக்கிறான், தேசிய வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார், இடதுசாரிப் பேராசிரியர் எழுதியிருக்கிறார். பொதுவாகப் பார்த்தால் எல்லாருமே சந்தால்கள் மேல் இரக்கப்பட்டவர்கள்தான். என் சிக்கலே அந்த இரக்கம்தான். இரக்கப்படுகிறவன் எதை மறைக்கிறான் என்று பார்க்கிற பழக்கம் நமக்கு உண்டு. சேரியில் பிறந்தவர்களுக்கு இந்தப் பழக்கம் தானாகவே வந்துவிடும்.

எழுந்து வந்த சனங்களிடம் ஒரு பட்டியல் இருந்தது. வட்டிக்காரன் என்கிற மகாஜன், ஜமீன்தார், போலீஸ் தரோகா, கச்சேரியில் உட்கார்ந்து எழுதும் குமாஸ்தா, இவர்களுக்கெல்லாம் மேலே சாகிப். இந்த ஐந்து பேரும் ஒரே இலையில் உட்கார்ந்து தங்களைத் தின்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பின்னால் வந்து வரலாறு எழுதியவர்கள் இந்தப் பட்டியலைக் கையில் எடுத்து, அதில் தனக்கு வேண்டப்பட்டவன் பெயரை மட்டும் அடித்துவிட்டு, மிச்சத்தை உரக்கப் படித்தார்கள். யார் யார் எந்தெந்தப் பெயரை அடித்தார்கள் என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

1

முதலில் பட்டியல் எப்படி உண்டானது என்று பார்க்கணும்.

1793இல் வங்காளத்தில் நிரந்தர நிலவரித் திட்டம் வந்தது. ஜமீன்தார் நிலத்துக்குச் சொந்தக்காரன் ஆனான். அவனுக்கு வரி வேண்டும். வரி வேண்டுமென்றால் காடு வயலாக வேண்டும். காட்டை வெட்டிக் கழனியாக்கத் தெரிந்த சனம் சந்தால்கள். 1832-33இல் ராஜ்மகால் மலையைச் சுற்றி எல்லைக்கல் நட்டு 'தாமின்-இ-கோ' என்று ஒரு வட்டாரத்தைக் கம்பெனி ஒதுக்கியது. 1838இல் அங்கே 40 சந்தால் ஊர்கள், ஏறக்குறைய 3,000 சனம். 1851இல் 1,473 ஊர்கள், 82,000 சனத்துக்கு மேல். பதின்மூன்றே வருஷத்தில் இவ்வளவு காட்டையும் வெட்டி, வேர் பிடுங்கி, வரப்பு போட்டது யாருடைய முதுகு என்று சொல்லத் தேவையில்லை.

கழனி விளைந்ததும் கூடவே மகாஜன் வந்தான். நெல்லை வாங்கினான், உப்பும் துணியும் விற்றான், கடன் கொடுத்தான். அவனிடம் இரண்டு எடைக்கல் உண்டு. சந்தாலிடமிருந்து வாங்கும்போது போடுகிற கனத்த கல்லுக்குக் 'கேனாராம்' என்று பெயர். சந்தாலுக்கு விற்கும்போது போடுகிற இளைத்த கல்லுக்கு 'பேசாராம்' என்று பெயர். வங்காளியில் 'கேனா' என்றால் வாங்குவது, 'பேசா' என்றால் விற்பது. திருட்டுக் கல்லுக்கும் ராம நாமம் சூட்டிய பக்தியைக் கவனிக்கணும். வாங்கிய கடனுக்கு வட்டி ஐம்பது சதவீதத்திலிருந்து ஐந்நூறு வரைக்கும் போனது. கட்ட முடியாதவன் 'கமியோத்தி' பத்திரத்தில் கைநாட்டு வைத்தான். கடன் தீருகிறவரை மகாஜன் வயலில் உழைக்கணும். கடன் எப்போது தீரும் என்பதை எழுதி வைத்திருக்கும் கணக்குப் புத்தகம் மகாஜன் கையில் இருந்தது. அப்பன் செத்தால் கடன் பிள்ளைக்கு. பண்ணையாள் முறையை அறிந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கோர்ட்டுக்குப் போகலாமே என்று கேட்கலாம். கோர்ட் பல நாள் நடை. அங்கே போனால் மனு எழுதுகிறவன் மகாஜனுக்குச் சொந்தம், சாட்சியைப் பதிகிறவன் மகாஜனுக்குச் சிநேகிதம். பக்கத்திலேயே இருந்த தரோகா மகாஜன் சொன்ன ஆளைப் பிடித்துக் கட்டி இழுத்துப் போகிறவன். தாமினைப் பார்த்துக்கொள்ள நியமிக்கப்பட்ட வெள்ளைக்காரனின் வேலை வரியை உயர்த்துவது. அந்த வேலையை அவன் ஒழுங்காகச் செய்தான். இதற்குள்ளே ரயில் பாதை வேலை வந்தது. பாதை போட வந்த சாகிப்புகள் ஆட்டையும் கோழியையும் காசு கொடுக்காமல் தூக்கிக்கொண்டு போனார்கள், பெண்கள் மேல் கை வைத்தார்கள்.

ஹூலில் முதலில் விழுந்தவர்களில் ஒருவர் 1855 ஜூலை 7 அன்று கைது செய்ய வந்த தரோகா மகேஷ் லால் தத். பெயரைக் கவனிங்க. பின்னாடி ரயில்வே பங்களாக்களும் அவுரித் தொழிற்சாலைகளும் தாக்கப்பட்டன, வெள்ளையர்களும் செத்தார்கள். ஆனால் பட்டியலில் வெள்ளையன் மேலே இருந்தான் என்பதற்காக அவனோடு மட்டும் முடிந்துபோன பட்டியல் இல்லை அது.

2

முதலில் பெயரை அடித்தவன் வெள்ளைக்காரன்.

டபிள்யூ. டபிள்யூ. ஹன்டர் 1868இல் வெளியிட்ட 'கிராமிய வங்காளத்தின் வரலாறு' ஹூலைப் பற்றி விரிவாகப் பேசுகிற பழைய நூல்களில் முக்கியமானது. மகாஜனின் மோசடியை அவர் விட்டு வைக்கவில்லை. கம்பெனி நிர்வாகத்தின் கஞ்சத்தனத்தையும் கொஞ்சம் திட்டுகிறார். ராணுவ அதிகாரி ஒருவர் தம்மிடம் சொன்னதையும் பதிகிறார்: சந்தால்களுக்குச் சரணடையத் தெரியவில்லை, முரசு அடிக்கிறவரைக்கும் நின்று குண்டு வாங்கினார்கள், அதைச் சண்டை என்றே சொல்ல முடியாது என்கிற பொருளில். படிக்கிறபோது நெஞ்சை அடைக்கும்.

ஆனால் ஹன்டர் சொல்கிற கதையின் மூட்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஒரு பக்கம் ஆரியன், இன்னொரு பக்கம் ஆதிகுடி. ஆரிய இந்து ஏமாற்றினான், ஆதிகுடி கோபப்பட்டான், நடுவில் நியாயம் பார்க்க வேண்டிய இங்கிலீஷ்காரன் கொஞ்சம் அசந்து தூங்கிவிட்டான். இப்போது விழித்துக்கொண்டான். ரயில்வே கூலி வந்தது சந்தாலுக்கு விடுதலை, தேயிலைத் தோட்டம் அவனுக்கு வாழ்வு என்று கதை முடிகிறது. சாகிப் பெயர் அடிக்கப்பட்டுவிட்டது. நிரந்தர நிலவரித் திட்டத்தைப் போட்டவன் யார், தரோகாவை நியமித்தவன் யார், மகாஜனின் பத்திரத்தை நிறைவேற்றித் தந்த கோர்ட் யாருடையது என்ற கேள்விகள் காணாமல் போய்விட்டன. அந்த இரக்கத்துக்குள்ளே ஒரு கூலி விகிதம் இருக்கிறது. ஹூலுக்குப் பின் அசாம் தோட்டங்களுக்கு லயம் லயமாகப் போன சந்தால்கள்தான் அந்த இரக்கத்தின் லாபக் கணக்கு.

இன்னொரு தப்பும் இருக்கிறது. இது இனச் சண்டை என்றால் சந்தால் அல்லாத எல்லாரையும் சந்தால் வெட்டியிருக்கணும். அப்படி நடக்கவில்லை. கொல்லர், பால்காரர், குயவர், எண்ணெய் ஆட்டுகிறவர், நெசவாளர், டோம் என்று சந்தால் ஊர்களை ஒட்டி வாழ்ந்த உழைக்கும் சாதியார் பலர் ஹூலோடு நின்றார்கள். லோகார் என்கிற கொல்லன் அம்பு முனை அடித்துக் கொடுத்தான். குவாலாக்கள் உளவு சொன்னார்கள். சந்தால்கள் தங்கள் எதிரிக்கு வைத்த பெயர் 'திக்கு'. அந்த எழுச்சியின் நாட்களில் கொல்லன் திக்கு இல்லை, மகாஜன் திக்கு. சாதியால் சந்தால் இல்லாதவன் யார் என்று அவர்கள் பார்க்கவில்லை, தங்கள் தானியத்தில் கை வைத்தவன் யார் என்று பார்த்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத சனம் பிரித்துப் பார்த்ததை எழுதிப் படித்த ஹன்டரால் பிரிக்க முடியவில்லை.

3

இரண்டாவது அழிப்பு தேசியத்தினுடையது. இது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

1857க்கு இரண்டு வருஷம் முன்னாடியே வெள்ளையனை எதிர்த்த வீரர்கள் என்று சித்து, கானுவுக்கு மாலை போடுகிறார்கள். 2002இல் தபால்தலையும் வந்தது. வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மாலை போடுகிற கை பட்டியலில் எதை அடிக்கிறது? சாகிப் ஒருவனை மட்டும் விட்டு வைத்துவிட்டு மகாஜன், ஜமீன்தார், தரோகா, குமாஸ்தா நாலு பேரையும் அடித்துவிடுகிறது. 'இந்தியர்கள் ஆங்கிலேயரை எதிர்த்தார்கள்' என்று ஒரு வாக்கியம் எழுதிவிட்டால் போதும், தத்தும் முர்முவும் ஒரே அணி ஆகிவிடுகிறார்கள்.

நடந்தது என்ன? ஹூலை அடக்குவதற்குக் கம்பெனிப் பட்டாளத்துக்கு யானை கொடுத்தவர்கள் ஜமீன்தார்கள். முர்ஷிதாபாத் நவாபும் யானை அனுப்பினார். சந்தால் குடிசைகளை மிதித்து நாசமாக்கியது அந்த யானைகள்தான். அடிமைப்பட்ட தேசம் தன் யானையை எந்தப் பக்கம் நிறுத்தியது என்பதைத் தேசிய வரலாறு சொல்லாமல் விடுகிறபோது அது பாதி உண்மை சொல்லவில்லை, முழுப் பொய் சொல்கிறது.

இந்த இடத்தில் மகாத்மா பூலேயை அழைத்து வரலாம். 1875 மே மாதம் பூனா வட்டாரத்தில் சூபா என்ற ஊரில் தொடங்கி தக்காணத்துக் குடியானவர்கள் வட்டிக்காரர்கள் வீட்டில் புகுந்து கடன் பத்திரங்களைக் கொளுத்தினார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் காலத்தில் ஏறின பருத்தி விலை போர் முடிந்ததும் விழுந்தது. வரி மட்டும் இறங்கவில்லை. உலகச் சந்தையில் விலை ஏறி இறங்கியதற்குக் குன்பியின் நிலம் பலியானது. இதைக் கண்ணால் பார்த்த பூலே 1883இல் எழுதி முடித்த 'உழவனின் சாட்டை'யில் வெள்ளைக்காரனை விட்டுவிடவில்லை. சுகபோகத்தில் கிடந்து, எல்லாவற்றையும் கீழே இருக்கிற பார்ப்பனக் குமாஸ்தாவின் பேனாவுக்கு ஒப்படைத்தவன் என்று சாடுகிறார். குமாஸ்தாவையும் விடவில்லை. ஆட்சி என்பது லண்டனிலிருந்து ஆகாயம் வழியாக ஊருக்கு வந்துவிடாது, ஒரு சாதியின் கை வழியாகத்தான் வரும் என்பது பூலேவுக்குத் தெரிந்தது. சித்து, கானுவின் பட்டியலையும் பூலேவின் சாட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லும்.

4

மூன்றாவது அழிப்பைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் சங்கடமானது, ஏனென்றால் அவர்கள் நம் பக்கத்தில் நிற்பவர்கள்.

தொண்ணூறுகளில் சிறுபத்திரிகைகள் வழியாக 'அடித்தள மக்கள் ஆய்வு' தமிழுக்கு வந்தது. ரணஜித் குகாவின் பெயர் அப்போது நம் வாயில் புழங்கிய பெயர். 1983இல் வந்த அவருடைய 'எதிர்க்கிளர்ச்சியின் உரைநடை' கட்டுரை ஹூலை மையமாகக் கொண்டது. அதிகாரியின் கடிதத்தில் 'கலகம்' என்று இருக்கிற சொல், பின்னாடி வரலாற்றுப் புத்தகத்துக்குள்ளும் அதே கண்ணோடு எப்படி நுழைகிறது என்று அவர் அவிழ்த்துக் காட்டினார். அது பெரிய வேலை. இன்னொன்றும் செய்தார். சண்டை போடுவது நாங்கள் இல்லை, தாக்கூரே போடுகிறார் என்ற பொருளில் தலைவர்கள் சொன்னதை இடதுசாரி வரலாற்றாசிரியர்கள் மூடநம்பிக்கை என்றோ சனத்தைத் திரட்டுகிற தந்திரம் என்றோ ஒதுக்கிவிட்டார்கள். அப்படி ஒதுக்கினால் எழுந்தவனின் மனசை அவனிடமிருந்து பிடுங்கிவிடுகிறோம் என்றார் குகா. சரியான பேச்சு. அடிக்கப்பட்ட தாக்கூரை அவர் திரும்பப் பட்டியலில் எழுதினார்.

ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருக்கு. 'சர்க்கார், சாகுக்கார், ஜமீன்தார்' என்று மூன்று எதிரிகளையும் குகா சேர்த்தே பார்க்கிறார். இந்த மூவரும் ஏன் திரும்பத் திரும்ப ஒரே சில சாதிகளிலிருந்து வருகிறார்கள் என்பதை மட்டும் அவர் வாதத்தின் நடு வீட்டுக்குள் உட்கார வைக்கவில்லை, திண்ணையோடு நிறுத்திவிடுகிறார். சாதி அவரிடம் பணிவின் அடையாளமாக வருகிறது: குடை, செருப்பு, பேச்சு என்று. சுரண்டலின் எந்திரமாக வருவது குறைவு. இத்தனைக்கும் அவர் நேர்மையான மனுஷர். நிரந்தர நிலவரித் திட்டத்தைப் பற்றி 1963இல் எழுதிய நூலின் முன்னுரையில், தன் குடும்பத்தின் பிழைப்பே போய்ப் பார்க்காத தூரத்து நிலங்களின் வருமானத்தில்தான் நடந்தது என்று ஒப்புக்கொண்டவர். ஒப்புக்கொண்டதைத் தன் முறையியலாக மாற்றிக்கொண்டாரா என்பதுதான் நம் கேள்வி. 'அடித்தள மக்கள் ஆய்வு'களின் முதல் தொகுதி 1982இல் வந்தது. உழைக்கும் சாதியிலிருந்து காஞ்சா அய்லய்யா எழுதிய கட்டுரை ஒன்பதாம் தொகுதியில், 1996இல் இடம் பெற்றது. இடையில் பதினான்கு வருஷம்.

நமக்கு இது புதுசு இல்லை. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் எரிக்கப்பட்ட 44 பேரும் தலித்துகள். அதைக் கூலித் தகராறு என்று மட்டும் எழுதியவர்களும் நம் தோழர்கள்தான். கூலி உண்மை, தகராறும் உண்மை. ஆனால் எரிந்த குடிசை எந்தத் தெருவில் இருந்தது என்ற கேள்வி அந்த வாக்கியத்துக்குள் நுழைய முடியாமல் வெளியிலேயே நின்றது.

5

அப்போ சந்தால்களே சொன்னது எங்கே இருக்கு?

கொஞ்சம் இருக்கிறது. நார்வே மிஷனரி ஸ்க்ரெஃப்ஸ்ருட், கோலியான் என்ற முதியவர் சொல்லச் சொல்லச் சந்தால் மொழியில் எழுதி 1887இல் அச்சிட்ட நூல் உண்டு. சோத்ராய் என்ற தேஸ்மாஞ்சியின் நினைவுகளும் எழுத்தில் கிடைக்கின்றன. ஹூலுக்கு முன்னால் ஊர் ஊராகப் பரவிய வதந்திகளை அவற்றில் பார்க்கலாம். ஆளை விழுங்குகிற லாக்-லாகின் பாம்புகள் வருகின்றன. ஒரு எருமை அலைகிறது, எந்த வீட்டு வாசலில் புல் இருக்கிறதோ அங்கே நின்று மேயும், அந்த வீட்டில் சாவு விழும். ஒரே எண்ணிக்கையில் பிள்ளை பெற்ற பெண்கள் ஒருத்திக்கொருத்தி தோழிகளாகணும். படித்தவன் இதைப் பார்த்துச் சிரிப்பான். நான் இதை இப்படிப் படிக்கிறேன்: எல்லாரும் வாசலைச் சுத்தம் செய்து வைத்தார்கள், பெண்கள் ஊர் தாண்டி உறவு கட்டினார்கள். சால் மரக் கிளை கை மாறிக் கை மாறி அழைப்புப் போவதற்கு முன்னாலேயே சனம் ஒன்றோடொன்று கோர்க்கப்பட்டிருந்தது. பயம் அந்த வேலையைச் செய்தது.

எழுந்தவர்களிடம் திட்டமும் இருந்தது. சித்து, கானுவின் ஆணையில் வட்டி ரூபாய்க்கு இவ்வளவு பைசாதான் என்று கட்டு போடப்பட்டது. வரி, எருமை பூட்டிய ஏருக்கு ஒரு கணக்கு, காளை பூட்டிய ஏருக்கு ஒரு கணக்கு. நிலத்தைச் சங்கிலி போட்டு அளந்து விலை வைக்கிற கம்பெனிக் கணக்குக்கு எதிராக, உழைக்கிற ஏரைப் பார்த்து வரி போடுகிற கணக்கு. இதைப் பொருளாதாரம் என்று சொல்லாமல் காட்டுமிராண்டிக் கோபம் என்று எழுதினார்கள்.

எல்லாருடைய பட்டியலிலும் அடிபட்ட பெயர்கள் வேறு இருக்கின்றன. சித்து, கானுவின் சகோதரிகள் பூலோ, ஜானோ. அவர்களை மறக்காமல் வைத்திருப்பது சனங்களின் வாய்மொழி. அம்பு அடித்த கொல்லனுக்குப் பெயரே இல்லை. ஹன்டரிடம் பேசிய அதிகாரி சொன்ன அந்த முரசு இருக்கிறதே, அது அடிக்கிறவரைக்கும் சனம் நின்றது என்றாரே, அதை அடித்தவர் யார்? சந்தால்கள் தாங்களே தமாக், துமதாக் அடிக்கிறவர்கள். சந்தால் கல்யாணத்துக்கு மேளம் கட்டுகிற டோம்களும் அந்த ஊர்களில் இருந்தார்கள். குண்டு பாய்கிற இடத்தில் கடைசிவரை கை ஓயாமல் நின்ற அந்த ஆள் சந்தாலா, டோமா? அதிகாரிக்குச் சத்தம் மட்டும் கேட்டது, ஆள் தெரியவில்லை. பறை அடித்தவன் பேரை எழுதி வைக்காத ஊரிலிருந்து வருகிற நமக்கு, இந்த இடத்தைச் சும்மா தாண்டிப் போக முடியாது. இதைக் கேட்பது சந்தாலின் பெருமையைக் குறைப்பதற்கு இல்லை. ஹூல் ஒரு குடியின் எழுச்சி மட்டும் என்று சுருக்கியதும் ஹன்டரின் இனக் கணக்குதான் என்று ஞாபகப்படுத்துவதற்கு.

6

அடக்கி முடித்த பிறகு 1855ஆம் வருஷத்து 37ஆம் சட்டத்தின் மூலம் சந்தால் பர்கானா தனி வட்டாரம் ஆனது. சனத்தின் ரத்தத்தில் எழுதப்பட்ட சட்டம் அது. அந்த வழியில்தான் 1949இல் சந்தால் பர்கானா குத்தகைச் சட்டம் வந்தது. பழங்குடி நிலம் கை மாறுவதைத் தடுத்தது. 2016இல் ஜார்க்கண்ட் அரசு இந்தச் சட்டத்தையும் 1908ஆம் வருஷத்துச் சோட்டாநாக்பூர் சட்டத்தையும் திருத்தி, விவசாய நிலத்தை வேறு காரியத்துக்குத் திருப்ப வழி தேடியது. சனம் தெருவுக்கு வந்தது. அப்போது ஆளுநராக இருந்த திரௌபதி முர்மு 2017இல் மசோதாக்களைத் திருப்பி அனுப்பினார், அரசும் பின்வாங்கியது. அடுத்து குந்தி வட்டாரத்தில் கல் நட்டு, அரசியல் சட்டம் தங்களுக்குத் தந்த உரிமையை அதில் செதுக்கி வைத்தவர்கள் மேல் தேசத்துரோக வழக்குப் பாய்ந்தது. 2019 கடைசியில் ஆட்சி மாறிய பிறகுதான் அந்த வழக்குகளைத் திரும்பப் பெற முடிவானது. 1855இல் 'கலகம்', 2018இல் 'தேசத்துரோகம்'. சொல் மாறியிருக்கிறது, எழுதுகிற பேனா அதே கச்சேரியில்தான் இருக்கிறது. ஜூன் 30 அன்று மாலையும் போடுவார்கள், மற்ற நாளில் நிலத்தையும் கேட்பார்கள்.

நம் பத்திரிகைகளில் எழுத வருகிற மாணவர்களுக்கு, தோழர்களுக்கு ஒன்று சொல்லணும். நம்ம ஊர் எழுச்சிகளைத் தேடி எழுதுகிற வேலை இப்போது நன்றாக நடக்கிறது. ஆவணக் காப்பகத்துக்குப் போகிறோம், பெரியவங்ககிட்டப் பேச்சைப் பதிவு செய்கிறோம். அதில் நம் ஆளை 'சுதந்திரப் போராட்ட வீரர்' ஆக்கிவிட்டால் போதும், சிலை கிடைக்கும், பாடப் புத்தகத்தில் இடம் கிடைக்கும் என்கிற ஆசை வருகிறது. ஆசை நியாயம்தான். ஆனால் அந்த இடத்துக்கு ஒரு விலை இருக்கிறது. வெள்ளையனை மட்டும் எதிரியாக எழுதச் சொல்வார்கள், மிராசுதாரையும் கணக்குப் பிள்ளையையும் அடித்துவிடச் சொல்வார்கள். அந்த விலையைக் கொடுத்து வாங்குகிற சிலைக்குக் கீழே நம் சனத்தின் பட்டியல் புதைந்துபோகும்.

எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் கேட்க வேண்டியது இரண்டு கேள்வி. எழுந்தவர்கள் யார் யாரை எதிரி என்று சொன்னார்கள்? அதில் எந்தப் பெயர் இந்தப் புத்தகத்தில் இல்லை? காணாமல் போன பெயர் யாருக்குச் சொந்தக்காரன் என்று தேடிப்போனால், புத்தகத்தை எழுதிய கை எந்தத் தெருவில் குடியிருக்கிறது என்று தெரிந்துவிடும். நாம் எழுதுகிற புத்தகத்துக்கும் இதே கேள்விதான்.